பதினாலாம் தாளில் ஒரு சதுப்பு

தேநீரைக் கொட்டியது அவர் கைதான். அதில் வேறு யாரையும் பங்கு சேர்க்க வழியில்லை. காற்றில் தாள் பறந்தது, பூனை குறுக்கே ஓடியது, பக்கத்து மேசைக்காரர் முழங்கையால் இடித்தார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்க்கலாம். பதின்மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டார். ஆனால் அன்று அந்த அறையில் பூனை இல்லை. மின்சாரம் இல்லாததால் காற்றும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் மூன்று நாள் விடுப்பு. இருந்ததெல்லாம் அவர், வலது கையில் மைப்பேனா, இடது கையில் தேநீர் டம்ளர், எதிரே ஒரு மாத உழைப்பில் முடியும் தறுவாயில் இருந்த பதினாலாம் எண் தாள். மூக்கு அரித்தது. எந்தக் கையால் சொறிவது என்று ஒரு நொடி குழம்பினார். தப்பான கையைத் தேர்ந்தெடுத்தார்.

அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஆள் ஒல்லி, நெட்டை. தன் மரஸ்கேலை யாருக்கும் இரவல் தரமாட்டார். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர். நில வரைபட அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. சர்வேயர்கள் வெயிலில் அலைந்து அளந்துகொண்டு வருவதை நிழலில் உட்கார்ந்து கோடாக்குவது. "நாங்க நடக்கிறோம், நீ உக்காந்த இடத்துல பேர் வாங்குற" என்று சர்வேயர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. இருபது வருஷமாக அந்த வட்டாரத்தை வரைந்தவர் அதில் பாதியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒற்றுத்தாள் வைத்து அழுத்தினார். முகப்பவுடர் தூவினார். பிளேடால் சுரண்டினார், தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியதே தவிர, கறை போக மனசில்லாத விருந்தாளி மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி. திங்கட்கிழமை காலை தாள் தலைநகருக்குப் போயாக வேண்டும். கறை விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தார். மேற்கே ஆறு, கிழக்கே பாறைக் குன்றுகள், நடுவில் மூன்று கிலோமீட்டர் அகலத்தில் ஒரு புல்வெளி. வீடு இல்லை, கிணறு இல்லை, பாதை இல்லை. மாடு மேயும். மாடுகள் வரைபடம் பார்ப்பதில்லை. விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த இடத்தின் மேல் சரியாக ஒரு மேகம். ஆகாயமே உடந்தை.

நீல மையைத் தொட்டு, கறையின் ஓரத்தைச் சுற்றி விட்டு விட்டு ஒரு கோடு போட்டார். உள்ளே சின்னச் சின்னப் புல் குறிகள். பழுப்பின் மேல் வெளிறிய நீலப் பூச்சு. அடியில் சாய்வெழுத்தில் 'மழைக்காலச் சதுப்பு'. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பது அந்தத் தாளின் அளவு. கறை எட்டு சென்டிமீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். அரை டம்ளர் தேநீரில் நாலு கிலோமீட்டர் நீளத்துக்குச் சதுப்பு உண்டாக்கியவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். கடவுளுக்கே இதற்கு ஒரு மழைக்காலம் பிடித்திருக்கும்.

பிறகு தாளின் மூலையில், 'வரைந்தவர்' என்ற இடத்தில், வழக்கம்போலக் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டார். வால் நீண்டு கொக்கி போல வளையும் கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் அக்கா பிடித்து உட்காரவைத்துப் பழக்கிவிட்டது.

அந்த வட்டாரம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் அரை டம்ளர் தேநீர் அங்கே என்ன செய்யும் என்பது விளங்கும். கடல் அங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர். வானம் வருஷத்தில் நாலு மாதம் கொட்டும், எட்டு மாதம் கையை விரிக்கும். மேடெல்லாம் செம்மண், காய்ந்தால் சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும். பள்ளமெல்லாம் கரிய களிமண். நாலு தூறல் விழுந்தால் லாரியை அச்சுவரை விழுங்கும். செம்மண்ணில் கடலை, களிமண்ணில் பருத்தி, இரண்டும் இல்லாத இடத்தில் புல், புல்லுக்கு மாடு. விளைவதெல்லாம் வெளியே போக வேண்டும். உப்பு, சிமெண்ட், டீசல், மருந்து, தையல் ஊசி எல்லாம் உள்ளே வர வேண்டும். ஆறு இருக்கிறது. தண்ணீர் வந்தால் வெள்ளமாக இருக்கும், வடிந்தால் மணலாக இருக்கும். படகு விடுகிற மாதிரி நடுவாந்தரமாக அது ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. ஆகவே லாரிதான். லாரி போகிற வழியில் ஊர் இருக்கும். போகாத வழியில் ஊர்ப்பெயர் இருக்கும்.

அந்த வட்டாரத்தின் பெரிய சந்தை, ஸ்கேலின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். பதினாலாம் தாளில் கறையிலிருந்து ஒரு சாண் தெற்கே. வாரம் ஒரு நாள் மாடும் கடலையும் பருத்தியும் நாலு திசையிலிருந்தும் வந்து இறங்கும். அத்தானுக்கு அங்கே கடலை உடைக்கும் ஆலை. ஆலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீசல் எஞ்சின், தோலையும் பருப்பையும் பிரித்துத் தள்ளும் ஒரு இயந்திரம், கல் பொறுக்க ஆறு பெண்கள். ஆனால் அறுவடை மாதங்களில் அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சைகையில்தான் சண்டை போட்டுக்கொள்ள முடியும். "அதனாலதான் எங்க குடும்பம் நல்லா ஓடுது" என்பார் அத்தான்.

லாரிகள் அப்போது ஆற்றோரப் பாதையில்தான் வந்து போயின. மழைக்காலம் வந்தால் பாதை முங்கிவிடும். நிரந்தரமாக ஒரு தார் ரோடு, வடக்கே ரயிலடியிலிருந்து நேராக அந்த ஊர் வழியாக என்று ரொம்ப நாள் பேச்சு. தேநீர் கொட்டிய இரண்டாம் வருஷம் ரோடு வந்தது. ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் புல்வெளி வழியாகத்தான் அது வந்திருக்க வேண்டும். தலைநகரத்தில் யாரோ ஒரு பொறியாளர் பதினாலாம் தாளை விரித்தார். இடைவெளி மூன்று கிலோமீட்டர்; சதுப்பு இரண்டரை. குன்றுகளுக்கு அந்தப் பக்கமாகக் கோட்டைத் திருப்பிவிட்டார். ஊரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் கிழக்கே, அதுவரை ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் ரோடு போனது.

சந்தை ஒரே நாளில் போகவில்லை. முதலில் டயருக்குப் பஞ்சர் போடுகிறவர் தன் காற்றடிக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்குப் போனார். லாரி நிற்கிற இடத்தில்தானே டயர் இருக்கும். அடுத்து சாப்பாட்டுக் கடைகள். பிறகு பருத்தி வாங்குகிறவர்கள். மாட்டு வியாபாரிகள் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வருஷம் அங்கே 'கூட்டு ரோடு' என்று ஒரு புது ஊர் இருந்தது, பழைய ஊரில் சந்தைத் திடல் என்று ஒரு காலியிடம் இருந்தது. திடலில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். எல்லை என்று ஒன்று தேவைப்படாத அளவுக்குப் பெரிய மைதானம்.

ஊர்க்காரர்கள் மனு போட்டார்கள். முதல் கையெழுத்து அத்தானுடையது. வரைபடத்தில் சதுப்பு இருக்கிறதே என்று பதில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், ஆலையில் கல் பொறுக்கும் பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி. டிராக்டரில் ஏற்றிக் கூட்டு ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பதினோராம் கிலோமீட்டரில் களிமண் டிராக்டரைப் பிடித்துக்கொண்டது. அக்கா கூடப் போயிருந்தாள். வெளுக்கும்வரை அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தாள் என்று ஸ்கேல் பிற்பாடு வேறு யாரோ சொல்லிக் கேட்டார். அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சீக்கிரம் கிளம்புவதற்கு ஒரு காரணத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போனார்.

காலம் மாறியது. அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தன. பழைய தாள்களை அப்படியே உள்ளே ஏற்றினார்கள். சதுப்பும் ஏறியது, முன்னைவிட அழகான நீலத்தில். ஸ்கேல் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது: தார் ரோட்டிலிருந்து ஒதுங்கிப்போன ஊர்களுக்கு இணைப்பு ரோடுகள், வரைபடங்களில் திருத்தம் இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பவும். அக்கா ஊரின் பெயர் பட்டியலில் இருந்தது. கிழக்கே களிமண்ணில் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றால் பாலம் மட்டும் நாலு வேண்டும். எந்தத் திட்டத்திலும் அது தேறாது. வடக்கே இடைவெளி வழியாகத் தார் ரோட்டைத் தொட்டால் பதினாறே கிலோமீட்டர், முழுக்கச் செம்மண், ஒரு பாலமும் தேவையில்லை. நடுவில் குறுக்கே கிடப்பது அவர் மூக்கு அரித்த ஒரு வெள்ளிக்கிழமை.

திருத்தச் சீட்டில் மூன்று கட்டங்கள். பிழை என்ன? எப்படி நேர்ந்தது? முன்பு அதை உறுதி செய்தவர் யார், இப்போது அவர் என்ன சொல்கிறார்? முதல் கட்டத்தில் 'சதுப்பு இல்லை' என்று எழுதினார். இரண்டாவது கட்டத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே சொல் எழுதினார்: 'தேநீர்.' மூன்றாவது அவருக்குப் புரியவில்லை. எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார்.

மேலதிகாரிக்கும் பட்டப்பெயர் உண்டு. 'பார்க்கலாம்.' விடுப்பு கேட்டாலும் பார்க்கலாம், விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம். சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்னங்க, தேநீர்னு போட்டிருக்கீங்க?"

"அதுதான் சார் நடந்தது."

"வரைவுப் பிழைன்னு போடுங்களேன். கௌரவமா இருக்கும்."

"பிழையா வரையல சார். தெரிஞ்சேதான் வரைஞ்சேன்."

"எட்டு மாசம் இருக்கு உங்களுக்கு. விசாரணை கிசாரணைன்னு கிளம்பும்."

"கிளம்பட்டும் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரோடு அந்தப் பக்கம் போனது என்னாலயா?"

பார்க்கலாம் ஜன்னலைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், பெயருக்கேற்ப எல்லாவற்றையும் பார்த்தார். "ஒரு ரோடுன்னா ஆயிரம் விஷயம் இருக்கும். இன்னாராலதான்னு எப்படிச் சொல்றது? ஆனா இந்த மூணாவது கட்டம் காலியா இருந்தா சீட்டு திரும்பி வந்துடும்." பீரோவிலிருந்து ரோடு இலாகாவின் பழைய கோப்பு ஒன்றை இழுத்துப் பிரித்து, ஒரு வரியைக் காட்டினார். 'நிலப்படத்தில் காணும் சதுப்பு, உள்ளூர்வாசி ஒருவரிடம் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.'

ஸ்கேல் அந்த வரியை மூன்று தரம் படித்தார். இல்லாத சதுப்பை உண்டு என்று யார் சொல்லியிருப்பார்கள்? பதினோரு வருஷமாகத் தான் ஒருவர்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தவருக்குக் கூட்டாளி ஒருவர் இருக்கிறார் என்பது முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதற்கும் பிறகு, சொல்லவே வெட்கமான ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஒருவேளை அங்கே நிஜமாகவே சதுப்பு இருந்தால்? தேநீர் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லியிருந்தால்?

அந்த இடத்தை அளந்த சர்வேயர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த இடைவெளில தண்ணி நிக்குமா?"

"நான் அளந்தது வெயில் காலம்ப்பா. கானல் நீர் வேணா நின்னுச்சு."

"மழைல?"

"மழைல நான் ஏன் அங்க போறேன்? எனக்கென்ன கிறுக்கா?"

"உங்க குறிப்புல சதுப்பு கிடையாதுண்ணே. படத்துல இருந்துச்சு. நீங்க பார்த்திருப்பீங்க. ஏன் கேக்கல?"

"நீ வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் சர்வேயர். "உடம்பு எப்படி இருக்கு? சர்க்கரை பார்த்தியா?"

மழைக்காலத்தின் இரண்டாவது மாதம். சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கூட்டு ரோட்டில் இறங்கியபோது பஞ்சர் கடை, பருத்திக் கிடங்கு, மூன்று வங்கி, முழங்கால் உயரத்துக்குச் சாக்கடை என்று ஒரு ஊருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. இதுவும் தன் கைவண்ணம்தான் என்று நினைத்துக்கொண்டார். ஊரை நிறுவினவர்களுக்கு எங்கெங்கோ சிலை வைக்கிறார்களாம். அவருக்கு வைப்பதானால் கையில் டம்ளர் வைக்க வேண்டும்.

அத்தான் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். எழுபதை நெருங்கும் மனுஷன், முழங்கால்வரை சேறு, முகம் நிறையச் சிரிப்பு.

"வா மாப்ளே! ரோடு நல்லாருக்கு. ரெண்டே இடத்துலதான் இறங்கித் தள்ளணும்."

ஏழு இடத்தில் தள்ளினார்கள். பதினோராம் கிலோமீட்டரைத் தாண்டும்போது அத்தான் பேச்சை நிறுத்தினார். வண்டி மெதுவாக, ஒரு ஓரமாக, யாரோ படுத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போவது போலப் போனது. தாண்டிய பிறகுதான் மறுபடி பேசினார்.

"அத்தான், மொதல்ல அந்த வடக்குப் புல்வெளிக்குப் போகணும்."

"அங்க என்னடா இருக்கு? புல்லு."

"சதுப்பு இருக்கான்னு பார்க்கணும்."

அத்தான் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். "உங்க ஆபீஸ்ல வேலையே இல்லையா?"

வீட்டுக்குப் போகாமல் நேரே வடக்கே விட்டார். இடைவெளியை அடைந்தபோது மதியம். காலையில்தான் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்கேல் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். காலடியில் செம்மண் கெட்டியாக, ஈரமாக, மழை கழுவிவிட்ட முற்றம் போல இருந்தது. தண்ணீர் சின்னச் சின்ன ஓடைகளாக ஆற்றுப் பக்கம் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடந்தார். தாளில் ஐந்து சென்டிமீட்டர். இரண்டரைக் கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு இடத்திலாவது கால் புதையாதா என்று வேண்டுமென்றே அழுத்தி மிதித்தார். குதிகால்தான் வலித்தது. ஐம்பத்தேழு வயசு ஆள் நட்டநடுப் புல்வெளியில் குதித்துக் குதித்துப் பார்ப்பதை ஒரு மாடு மேய்ப்பவர் குடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க சதுப்பு உண்டா?"

"மழை பெஞ்சா எல்லா இடமும் சேறுதானுங்களே."

"இங்க சேறு இல்லையே."

"ஆமாங்க, இல்லதான்."

"அப்ப சதுப்பு இல்லன்னு எழுதிக்கலாமா?"

"எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டமுங்க. மாட்டுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

திரும்பி வரும்போது அத்தான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் எதிரே போய் நின்றார். தேநீர் கதையை முழுக்க, மூக்கிலிருந்து மேகம்வரை சொன்னார்.

"நேரா சொல்லுங்கத்தான். ஆலை நின்னது, சந்தை போனது, எல்லாம் என்னாலயா?"

அத்தான் பீடியைப் பாறையில் தேய்த்து அணைத்தார். "ரோடு அதுபாட்டுக்குப் போச்சு மாப்ளே. எனக்கும் வயசாச்சு. அந்த எஞ்சின் சத்தத்துல காதும் பாதி போச்சு." எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வா, உங்கக்கா சாப்பாடு வச்சிட்டு உக்காந்திருப்பா."

அக்கா ஆலைக் கொட்டகையில் இருந்தாள். இயந்திரத்தின்மேல் சாக்குப் போர்த்தியிருந்தது. இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு நாள் ஓடினால் பெரிது. மற்ற நாளில் சொந்த நிலத்துக் கடலையைக் கையாலேயே உடைத்துக்கொள்கிறார்கள். ஆறு பெண்கள் உட்கார்ந்த இடத்தில் அக்கா ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். கல்லைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, சேத்துல புரண்ட மாதிரி வந்திருக்கே. கை கால் கழுவு. சோறு ஆறிப் போச்சு."

"அப்புறம் சாப்பிடறேங்க்கா."

"இப்படித்தான் ஒட்டடைக் குச்சி மாதிரி ஆயிட்டே. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு இப்பவே சொல்லிடாத, சொல்லிட்டேன்."

"பஸ் இல்லக்கா. இன்னைக்கு இருந்துட்டுப் போறேன்."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. அத்தான் வண்டியைக் கழுவப் பின்பக்கம் போனார். ஸ்கேல் ஒரு சாக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அக்கா எதிரில் உட்கார்ந்தார். உறையிலிருந்து சீட்டை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். அக்கா படித்தவள், அந்த ஊர் ஆலைக் கணக்கெல்லாம் அவள் எழுத்துதான். வாயசைத்துப் படித்தாள். 'தேநீர்' என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது.

"நீயாடா கொட்டினே?"

"நான்தான்."

"சின்ன வயசுல பால் டம்ளரையும் இப்படித்தான் கொட்டுவே. அம்மாகிட்ட நான்தான் அடி வாங்குவேன்."

"அக்கா, மூணாவது கட்டத்தைப் பாரு. ரோட்டு ஆளுங்க இங்க வந்து யாரையோ கேட்டிருக்காங்க. சதுப்பு இருக்குன்னு அந்த ஆள் சொல்லியிருக்கார். அது யாருன்னு தெரிஞ்சு, அவர் இல்லன்னு மாத்திச் சொன்னாத்தான் இந்தச் சீட்டு செல்லும். சீட்டு செல்லுச்சுன்னா ரோடு வரும். உனக்கு இந்த ஊர்ல எல்லாரையும் தெரியும். யாரா இருக்கும்?"

"சோறு போடட்டுமா?"

"அக்கா."

"வெறும் வயித்தோட கேள்வி கேக்காத."

"பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கறேன், ஒருத்தரும் எனக்கு நேரா பதில் சொல்லலக்கா. கேக்கறதுக்கெல்லாம் சோறு, சர்க்கரை, மாடு, வயசாச்சுங்கிறாங்க. நீயாவது சொல்லு."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். விரல் விரலாக, அவசரமில்லாமல். வெளியே அத்தான் வண்டிமேல் தண்ணீர் வீசுகிற சத்தம் கேட்டது. இயந்திரம் ஓடிய காலத்தில் கேட்டிருக்காத சத்தம்.

"ஜீப்புல நாலு பேர் வந்தாங்க," என்றாள். "நல்ல வெயில். உங்கத்தான் சந்தைக்குப் போயிருந்தார். குடிக்கத் தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். இந்தா, நீ உக்காந்திருக்க பார், அங்கதான் மூட்டைமேல படத்தை விரிச்சாங்க. ஒருத்தன் விரல் வச்சுக் கேட்டான், ஏம்மா, இந்த இடத்துல சதுப்பு இருக்குன்னு போட்டிருக்கே, நெசமான்னு."

ஸ்கேல் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு அந்தப் புல்வெளி தெரியாதா? நம்ம ஆலைக்குப் பாதிப் பொண்ணுங்க அந்தப் பக்கத்துலேர்ந்துதான் நடந்து வருவாங்க, மழையிலயும். இல்லன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போ மூலையில பார்த்தேன். உன் கையெழுத்து. அந்தக் கொக்கி. நான் பழக்கினது."

"அதனால?"

"அதனால என்னடா அதனால? நீ போட்ட கோடு தப்புன்னு வெளியாளுங்ககிட்ட நான் சொல்லுவேனா? உனக்கு அப்பத்தான் கையில ரெண்டு பிள்ளைங்க. வேலை போயிடுமோன்னு நெனச்சேன். ஆமாங்க, மழைல கால் வைக்க முடியாதுன்னேன். எழுதிக்கிட்டாங்க." குரல் தேய்ந்தது. "ரோடு எந்தப் பக்கம் சுத்தினா என்ன, சந்தை இங்கதான இருக்கு, இங்க வந்துதான ஆகணும்னு நெனச்சேன். ரோட்டுக்குப் பின்னால சந்தை போகும்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"அத்தானுக்குத் தெரியுமா?"

"மனுவில மொதக் கையெழுத்து அவரோடது. பேனா எடுத்துக் குடுத்தது நான். சொல்லலை." டப்பாவிலிருந்த கற்களை ஒருமுறை குலுக்கினாள். "அந்தப் பொண்ணு என் மடியிலதான் போனா. அப்பவும் சொல்லலை. நீ வந்து கேட்டுடுவியோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்துட்டு இருப்பேன். நீ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிடுவே. அப்பாடா, போயிட்டான்னு இருக்கும்."

இத்தனை வருஷம் அக்கா தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றல்லவா நினைத்து ஓடினார்? அவள் இவருக்குப் பயந்தாள், இவர் அவளுக்குப் பயந்தார். இரண்டு பேரும் சோற்றையும் பஸ்ஸையும் நடுவில் வைத்துக்கொண்டு ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. அத்தான் கொட்டகை வாசலில், கையில் காலி வாளியோடு நின்றார். எதுவரை கேட்டார் என்று முகத்தில் தெரியவில்லை. பாதி போன காது. ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். உள்ளே வந்து, இயந்திரத்தின்மேல் போர்த்தியிருந்த சாக்கை ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்தார். பிறகு அக்காவுக்குப் பக்கத்தில், கல் பொறுக்கும் பெண்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கல் பொறுக்க ஆரம்பித்தார்.

ஸ்கேல் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூன்றாவது கட்டத்துக்கு மேல் பேனா நின்றுகொண்டிருந்தது.

"அப்ப," என்றார், "இந்த ஊர் இப்படி ஆனது என்னாலதானாக்கா?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். சின்ன வயசில் கையெழுத்துப் பழக்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"ஆமா," என்றாள். "உன்னாலதான். நீ வரைஞ்சே, நான் ஆமான்னேன். நம்ம ரெண்டு பேராலயும்தான். அங்க சதுப்பு கிடையாது, அன்னைக்கு நான் சொன்னது பொய். எம் பேரைப் போட்டு எழுது."